ரெண்டு பக்கமும் தெரிந்தவன்

மிண்டியா லோம்தாட்ஸேயின் பிழைப்பைக் கெடுத்தது எதிரணிக்காரனும் இல்லை, காயமும் இல்லை. அவனுடைய தாய்மாமன் எல்குஜா ஒரு மத்தியானச் சாப்பாட்டில், கையில் ஒயின் கோப்பையோடு எழுந்து நின்று பேசிய பேச்சுதான். அந்த ஆள் இன்றைக்கும் ஸம்த்ரேதியா சந்தையில் பாலாடைக்கட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு வந்த விருந்தாளியின் பெயர் காஸ்தேரா. பிரான்ஸில் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் ரக்பி கிளப்புக்குப் பயிற்சியாளர். எங்கள் பக்கத்துப் பையன்களைப் பார்த்துப் பேசிக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். ஜார்ஜியாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஸ்க்ரம்மில் முட்டுக்கொடுக்கிற ஆட்களுக்குப் பஞ்சம் வராது என்று பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியும். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத பையன்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். மிண்டியாவுக்கு அப்போது இருபது வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பத்து வயதிலிருந்து ஒரே இடத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தான். வலது முட்டு. பனியனில் மூன்றாம் நம்பர்.

இந்த வலது, இடது சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது. ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தலையைக் கோத்துக்கொண்டு முட்டுவது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க இரண்டு பேர். இடது முட்டுக்காரனுக்கு ஒரு காது வெளியே இருக்கும், கொஞ்சம் காற்று வாங்கும். வலது முட்டுக்காரனுக்கு இரண்டு காதும் உள்ளே. எதிரணி ஆட்கள் இருவருடைய தலைகளுக்கு நடுவில் அவன் தலை மாட்டிக்கொள்ளும், அந்தப் பக்கத்து எடையில் பாதிக்கு மேல் அவன் முதுகெலும்பில் வந்து இறங்கும். கால் வைக்கிற விதம் வேறு, இடுப்பைத் திருப்புகிற விதம் வேறு. ஒரு பக்கம் பழகினவனை மறுபக்கம் நிறுத்துவது, இடக்கையால் சோறு சாப்பிடச் சொல்வது மாதிரி. வயிறு நிறையும், ருசி தெரியாது.

முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். கோழி வந்தது, அவரை மசியல் வந்தது, சோளரொட்டி வந்தது. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு காஸ்தேரா கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு டீச்சர் அதை எடுத்துச் சொன்னாள்.

"பையன் எந்தப் பக்கம் ஆடுறான்னு கேக்குறாரு. இடதா, வலதா?"

மிண்டியா வாயைத் திறப்பதற்குள் எல்குஜா எழுந்துவிட்டார். அன்றைய பந்திக்கு அவர்தான் தலைவர். யாருக்காகக் குடிப்பது, என்ன சொல்லிக் குடிப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, பேசி முடித்தால் கோப்பையைக் கீழே வைக்கக் கூடாது.

"இடதா வலதான்னா கேக்குறாரு?" என்று எல்குஜா நெஞ்சை நிமிர்த்தினார். "டீச்சரம்மா, சொல்லுங்க அவருக்கு. ரியோனி ஆறு ஒரு கரையோடவா ஓடுது? எம் மருமகன் இடது பக்கம் நின்னா இடது பக்கம் மலை. வலது பக்கம் நின்னா வலது பக்கம் மலை. ரெண்டும்! ரெண்டு பக்கமும் ஆடுவான். ரெண்டு பக்கமும் ஆடுற எங்க மிண்டியாவுக்கு வெற்றி!"

"வெற்றி!" என்று மேசை முழுக்கக் கத்தியது.

இடது பக்கம் மிண்டியா ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆனால் விருந்தாளி முன்னால், பந்தித் தலைவர் வாழ்த்திச் சொன்ன பிறகு, "அப்படியெல்லாம் இல்ல மாமா" என்று சொல்ல எங்கள் இமெரேத்திச் சீமையில் பிறந்தவனுக்கு நாக்கு எழும்பாது. 'இல்லை' என்ற வார்த்தையே எங்கள் ஊர்க்காரர்களுக்கு லேசில் வருவதில்லை. வழி கேட்டால்கூட, தெரியாது என்று சொல்ல மனசு வராமல் ஏதாவது ஒரு தெருவைக் கைகாட்டி அனுப்பி வைப்போம். மிண்டியா கோப்பையைக் காலி செய்தான். காஸ்தேரா சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினார். அது என்ன வார்த்தை என்று டீச்சரிடம் கேட்கவே தேவையில்லை.

பிரான்ஸில் அவன் பன்னிரண்டு வருடம் இருந்தான். போன முதல் வாரத்திலேயே இடது பக்கம் நிற்கச் சொன்னார்கள், நின்றான். கழுத்து ஒரு மாதம் திரும்பவில்லை. ஆனால் கெட்டிக்காரப் பையன், கற்றுக்கொண்டுவிட்டான். அதுதான் அவன் செய்த இரண்டாவது தப்பு. சுமாராகக் கற்றிருந்தால் தப்பித்திருப்பான். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவனைப் பெஞ்சில் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் எவன் விழுந்தாலும் கவலையில்லை என்று காஸ்தேராவுக்குப் பட்டது. மாற்று முட்டுக்காரனுக்குப் பதினேழு அல்லது பதினெட்டு. அந்த இரண்டு நம்பர் பனியனைத் தவிர அவன் முதுகு வேறெதையும் அதிகம் பார்க்கவில்லை.

கிளப்பில் இருந்த மற்ற இரண்டு ஜார்ஜியர்கள் அவனை "ரெண்டும்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோபம் வந்தால் "ரெண்டுங்கெட்டான்" என்றார்கள். இரண்டாவது பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது வருடம் அவன் காஸ்தேராவின் அறைக்கே போய் நின்றான். பிரெஞ்சு அதற்குள் வாயில் வந்துவிட்டது.

"சார், எனக்கு வலது பக்கம் ஒரு முழு ஆட்டம் குடுங்க. ஆரம்ப விசில்லேருந்து கடைசி விசில் வரைக்கும். ஒண்ணே ஒண்ணு."

"நீ எனக்கு எவ்வளவு முக்கியம்னு உனக்கே தெரியலப்பா," என்றார் காஸ்தேரா உருகிப்போய். "மத்தவன் ஒவ்வொருத்தனும் ஒரு கதவுக்குத்தான் சாவி. நீ எல்லாக் கதவுக்கும் சாவி. அப்படி ஒரு சாவிய எவனாவது கதவுலயே தொங்க விடுவானா? பாக்கெட்ல பத்திரமா வச்சுக்குவான்."

பன்னிரண்டு வருடம் அந்தப் பாக்கெட்டிலேயே கிடந்தான். நூற்று எழுபத்தொரு ஆட்டம் இறங்கினான். அதில் முதல் நிமிடத்திலிருந்து ஆடியது பதினான்கு. ஆட்டம் எண்பது நிமிடம், அந்தப் பதினான்கிலும் அறுபதைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

ஒரு முழு ஆட்டத்துக்கு இத்தனை ஏக்கமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் யாரும் அந்த இருட்டுக்குள் தலையைக் கொடுத்தவர்கள் இல்லை. வலது முட்டுக்காரனுக்கு ஆட்டம் என்பது எதிரே இருக்கிற ஒரே ஒரு ஆள்தான். முதல் ஸ்க்ரம்மில் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்க்க வேண்டும். மூன்றாவதில் அவன் மூச்சு எங்கே விடுகிறான் என்று கேட்க வேண்டும். ஏழாவது, எட்டாவதில் அவன் முழங்கால் ஒரு கணம் நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகத்தான் ஒரு மணி நேரம் உழைப்பது. கடைசி இருபது நிமிடத்தில் அவனை எழுப்பி நிறுத்தி நடக்க வைத்துப் பின்னால் கொண்டுபோகிற சுகம் இருக்கிறதே, அது முதலிலிருந்து பாடுபட்டவனுக்குத்தான் தெரியும். மிண்டியா ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் இறங்குவான். எவனோ உழுத வயல், எவனோ களைக்க வைத்த எதிரி. எதுவும் அவனுடையதில்லை. பத்து நிமிடம் கழித்து அந்தப் பக்கத்துக்கு வேறொருவன் வந்ததும் இவனை இந்தப் பக்கம் மாற்றுவார்கள்.

தேசிய அணிக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். திபிலிஸியில், பசிபிக் தீவுக்காரர்களோடு ஆட்டம். அம்மா, அப்பா, எல்குஜா மாமா எல்லாரும் ரயிலேறிப் போனார்கள். மிண்டியா பெஞ்சில் பதினெட்டு. ஓரத்தில் மூன்று தடவை ஓடி உடம்பைச் சூடாக்கினான். மூன்று தடவையும் போய் உட்கார்ந்தான். இறங்கவே இல்லை. களத்தில் கால் வைக்காதவன் நாட்டுக்காக ஆடினவன் ஆக மாட்டான், அந்த ஆட்டம் அவன் கணக்கில் சேரவே இல்லை. திரும்பும்போது ரயிலில் எல்குஜா, "அதனாலென்னடா, மூணு தடவ எந்திரிச்சியே, ஜனமெல்லாம் பாத்துச்சு" என்று தேற்றினார். அந்த மனிதரை அங்கேயே ஜன்னல் வழியாகத் தள்ளாமல் விட்டது மிண்டியாவின் பெருந்தன்மை.

முப்பத்திரண்டு வயதில் ஊருக்குத் திரும்பினான். இரண்டு காதும் வதங்கிய காளான் மாதிரி ஆகியிருந்தன. கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவான், கழுத்து தனியாகத் திரும்பாது. அவன் மனைவி தேயா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போதும், கேன்வாஸ் பையைப் பரணில் போடு என்றாள். ஆனால் ஸம்த்ரேதியா ரயில்காரர் கிளப் கூப்பிட்டது. முதல் டிவிஷனில் கடைசி இரண்டு இடத்துக்குள் தத்தளித்துக்கொண்டிருந்த கிளப். பயிற்சியாளர் ஆவ்தோ வீட்டுக்கே வந்து, "மூணாம் நம்பர் உனக்குத்தான் மிண்டியா, இது உங்க ஊரு, உங்க கிளப்பு" என்றார். சொன்னவர் சீசன் ஆரம்பத்தில் வாக்தாங் என்கிற இருபத்தாறு வயசுக்காரனுக்கு மூன்றைக் கொடுத்துவிட்டு மிண்டியாவைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காதப்பா. வாக்தாங்குக்கு வலது மட்டுந்தான் வரும். நீ ரெண்டும் ஆடுவே. உன்ன மாதிரி ஆளு பெஞ்சுல இருந்தா எனக்குத் தூக்கம் வருது."

"எனக்கு வரமாட்டேங்குது அண்ணே."

ஆவ்தோ சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னான் என்று நினைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்கு முழு இடம், எல்லாம் தெரிந்தவனுக்குப் பெஞ்சு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்படியே இரண்டு சீசன் ஓடியது. இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம், மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் மைதானத்தில். எதிரே தலைநகர்க் கிளப். ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருக்கலாம், தோற்றால் கீழே. வியாழக்கிழமை வாக்தாங்கின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வெள்ளிக்கிழமை ஆவ்தோ பட்டியலைப் படித்தார். மூன்று, லோம்தாட்ஸே. வலதுக்குக் காப்பு ஆள், பெஞ்சில் பதினெட்டாம் நம்பர், டோர்னிக்கே. டோர்னிக்கே பாவம், வலது பக்கத்தையே இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான். அதனால் மிண்டியாவை வெளியே எடுக்க வழியே இல்லை. எண்பது நிமிடமும் அவன்தான். பதினான்கு வருடம் கழித்து, முப்பத்துநாலு வயதில், அந்த ஒரு ஆட்டம் வந்துவிட்டது.

"இதோட நிறுத்திடறேன்," என்று தேயாவிடம் சொன்னான். "இந்த ஒண்ண ஆடிட்டு நிறுத்திடறேன்."

"கழுத்தத் திருப்பிப் பேச முடியல, ஒரு நம்பருக்கு இந்தப் பாடா?" என்றாள். ஆனாலும் அன்றைக்குக் காலையில் அவளே கச்சாபுரி என்கிற பாலாடைக்கட்டி ரொட்டியைச் சுட்டு, முட்டை இரண்டு கூடுதலாக உடைத்து ஊற்றிக் கொடுத்தாள்.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளப் மேலாளர் நுக்ஸார் மேசையில் உட்கார்ந்து நடுவருக்குக் கொடுக்கிற தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவர் பேருக்கும் நேரே, எந்த எந்த இடத்தில் ஆபத்தில்லாமல் ஆட முடியும் என்று எழுத வேண்டும். பழகாதவனைத் தெரியாத பக்கம் நிறுத்தினால் கழுத்து முறியும், அதனால் அந்தத் தாளுக்கு மரியாதை உண்டு. மிண்டியா குனிந்து பார்த்தான். அவன் பேருக்கு நேரே நுக்ஸார் வழக்கம்போல 'இரண்டும்' என்று எழுதியிருந்தார்.

"இத மாத்துங்க அண்ணே."

"எத?"

"வலது மட்டும்னு எழுதுங்க."

நுக்ஸார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏண்டா, உனக்குத்தான் ரெண்டும் வருமே? ஊருக்கே தெரியும்."

"இன்னிக்கு வராது."

"இடது பக்கம் கோச்சாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அதான் இடதுக்குக் காப்பு ஆள் ஒருத்தன் உக்காந்திருக்கான்ல?"

"அவனுக்கும் ஆச்சுன்னா?"

"ஒரே ஆட்டத்துல ரெண்டு இடது முட்டும் விழுந்து எத்தன தடவ பாத்திருக்கீங்க?"

நுக்ஸார் யோசித்தார். பார்த்ததில்லை. "ஆவ்தோகிட்ட ஒரு வார்த்த..."

"அவருகிட்ட சொன்னா முதல் ஸ்க்ரம்லேயே என்ன அந்தப் பக்கம் தள்ளிடுவாரு. அண்ணே, பதினாலு வருஷமா அந்த ஒரு வார்த்த என் உசுர எடுக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அத எழுதாதீங்க."

நுக்ஸாரும் இமெரேத்திக்காரர்தான். முடியாது என்று சொல்லத் தெரியாது. 'இரண்டும்' என்பதை அடித்துவிட்டு 'வலது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு மிண்டியா ஆடிய ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள், முதல் பாதியை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவதுதான் கஷ்டம். அவனுக்கு எதிரே தலைநகர்க் கிளப்பின் இடது முட்டு கேலா. இருபத்தேழு வயது, காளை மாதிரி ஆள். முதல் ஸ்க்ரம்மில் கேலாதான் தள்ளினான். "தாத்தா, பல்லு பத்திரம்" என்று உள்ளேயிருந்து சொன்னான். மிண்டியா அவன் சாய்கிற பக்கத்தைக் கவனித்துக்கொண்டான். நான்காவது ஸ்க்ரம்மில் கேலா பேச்சை நிறுத்தினான். ஐந்தாவதில் தரையைத் தின்றான். விசில், பெனால்டி, மூன்று புள்ளி. ஏழாவதில் மறுபடியும். கேலரியில் ரயில்வே ஆட்கள் இரும்புத் தகரத்தைத் தட்டினார்கள். எல்குஜா மாமா எழுந்து நின்று, "நாஞ்சொன்னேன்ல! நாஞ்சொன்னேன்ல!" என்று எல்லாரிடமும் சொன்னார்.

நடுவில் கோச்சாவுக்குத் தோள் இறங்கியது. இடதுக்கான காப்பு ஆள் வந்தான். மிண்டியா அதைக் கண்டுகொள்ளவேயில்லை. இப்போது அவன் காதில் விழுந்ததெல்லாம் கேலாவின் மூச்சுதான். ஐம்பத்தைந்தாவது நிமிட ஸ்க்ரம்மில், தலை பூட்டிக் காத்திருந்த அந்த இரண்டு வினாடியில், கேலாவின் வலது முழங்கால் நடுங்கியதை அவன் தோளால் உணர்ந்தான். அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் அவனுக்கு. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. பதினாறுக்குப் பதினான்கு, நாங்கள் முன்னால்.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் அந்தக் காப்பு ஆள் ஒருவனை மடக்கப் போய், அவன் முட்டியில் தலையைக் கொடுத்து விழுந்தான். எழுந்தவன் எங்கள் பக்கம் நடக்காமல் எதிரணிப் பக்கம் நடந்தான். டாக்டர் கையை ஆட்டிவிட்டார். தலையில் அடிபட்டவன் திரும்ப வர முடியாது.

நடுவர் தாளை எடுத்துப் பார்த்தார். கேப்டன் பேஸோவைக் கூப்பிட்டார். ஓரத்திலிருந்து ஆவ்தோ இரண்டு கையையும் வாயருகே வைத்துக் கத்தினார்.

"ரெண்டும்! டேய் ரெண்டும்! இடதுக்குப் போ! டோர்னிக்கே, நீ மூணுக்கு இறங்கு!"

டோர்னிக்கே கோட்டைக் கழற்றிவிட்டான்.

"லோம்தாட்ஸேக்கு வலது மட்டும்னு எழுதியிருக்கே," என்றார் நடுவர்.

"தப்பா எழுதிட்டாங்க சார், அவருக்கு ரெண்டும் வரும்," என்றான் பேஸோ. "அண்ணே, சொல்லுங்கண்ணே."

நடுவர் மிண்டியாவைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்ட தாள் இது. உங்க கழுத்து விஷயம், நீங்கதான் சொல்லணும். இடது பக்கம் ஆபத்தில்லாம ஆட முடியுமா? முடியும்னா போங்க. முடியாதுன்னா இனிமே ஸ்க்ரம்ல யாரும் தள்ளக் கூடாது, சும்மா கோத்து நிக்கணும். விழுந்தவருக்குப் பதில் ஆளும் கிடையாது, நீங்க பதினாலு பேர்."

மிண்டியா எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்தான். ஓரத்தில் கை வீசுகிற ஆவ்தோ. தலையைக் குனிந்து புல்லைப் பார்க்கிற நுக்ஸார். மூன்றுக்கு இறங்கத் தயாராக நிற்கிற டோர்னிக்கே. மறுபடியும் பாக்கெட்டிலிருந்து எடுத்து வேறு கதவில் நுழைக்கிறார்கள். அவனுக்கு வந்த கோபம் அந்த ஆட்களின் மேல் மட்டும் இல்லை. ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே கோப்பையைக் காலி செய்த இருபது வயசுப் பையன் மேலும்தான் வந்தது. பதினான்கு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை, நேரம் காலம் தெரியாமல், வெளியே வந்து விழுந்தது.

"முடியாது," என்றான். "எனக்கு வலது மட்டுந்தான் வரும்."

நடுவர் கையை உயர்த்தி இரண்டு கேப்டனுக்கும் சொல்லிவிட்டார். இனித் தள்ளுவது கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊர்க்காரன் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டான். பதினாலு பேர் பதினைந்து பேரை எதிர்த்து ஓடி ஓடி மடக்கினார்கள். ஸ்க்ரம் வந்தபோதெல்லாம் பதினாறு பேர் குனிந்து, தலையைக் கோத்து, கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்பது மாதிரி நின்றார்கள். பந்து உள்ளே போனது, வெளியே வந்தது. மூன்றாம் நம்பர் பனியன் மிண்டியாவின் முதுகில்தான் இருந்தது. இரண்டு காதும் உள்ளேதான் இருந்தன. ஆனால் தோளில் எடை இல்லை. எதிரே கேலா ஆசுவாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்க்ரம்மிலும் அவன் மூச்சு சீராகிக்கொண்டே வந்ததை மிண்டியா கேட்டான். அவன் முழங்கால் இப்போது நடுங்கவில்லை. ஒரு மணி நேரம் உழைத்து உண்டாக்கினது கண்முன்னால் வீணாகப் போனது. கேலரியில் தகரச் சத்தம் அடங்கிவிட்டது. யாரோ ஒருத்தன், "ரெண்டுங்கெட்டான்!" என்று நீட்டி முழக்கிக் கத்தினான்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. எண்பதாவது நிமிடம் வரைக்கும் பதினாறுக்குப் பதினான்குதான். எங்கள் கோல் கம்பத்துக்கு இருபது மீட்டர் முன்னால், நட்டநடுவில், அவர்கள் பந்துக்கு ஒரு ஸ்க்ரம். இதை எடுத்து அவர்கள் ஓடிவர வேண்டும், நாங்கள் ஒரே ஒரு தடவை மடக்கினால் முடிந்தது.

குனிந்தார்கள். கோத்தார்கள். கேலாவின் தலை உள்ளே வந்து மிண்டியாவின் கழுத்துக்கு அடியில் பதிந்தது. அலட்சியமாக, கொஞ்சம் உயரமாக. இனி எவன் தள்ளப்போகிறான் என்று நிமிர்ந்து நின்ற உடம்பு அது. பதினான்கு வருடமாக மிண்டியா காத்திருந்தது அந்த உயரத்துக்காகத்தான்.

அவன் யோசித்துச் செய்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் முதுகு யோசிக்கவில்லை. இடுப்பு இறங்கியது, தோள் கேலாவின் நெஞ்சுக்கு அடியில் போனது, கால்கள் மண்ணைக் கடித்தன. கேலா தரையிலிருந்து எழும்பினான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் தடுமாறினார்கள். அந்தப் பக்கத்து வரிசை முழுவதும் நடந்து நடந்து பின்னால் போனது. அவன் வாழ்க்கையிலேயே அதுதான் ஆக நல்ல முட்டு. இரண்டு மீட்டர் இருக்கும். ஒரு வினாடி, சரியாக ஒரே ஒரு வினாடி, அவன் சிரித்தான்.

விசில் அடித்தது.

"தள்ளுனீங்க, மூணாம் நம்பர்," என்றார் நடுவர். "தள்ளக் கூடாதுன்னு சொன்னேன்ல. பெனால்டி."

இத்தனை வருடத்தில் மிண்டியா கீழே இழுத்தான் என்று பெனால்டி கொடுத்திருக்கிறார்கள், கோணலாகப் போனான் என்று கொடுத்திருக்கிறார்கள், கையைத் தப்பாகப் பிடித்தான் என்று கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் யார் மேலாவது கையை நீட்டுவதுதான் பாதி நடுவர்களின் வேலை. ஆனால் இந்தத் தடவை நடுவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

நட்டநடுவில் இருபது மீட்டர். கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம். அவர்கள் ஆள் உதைத்தான். பதினாறுக்குப் பதினேழு. ரயில்காரர் கிளப் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. பேஸோ அங்கேயே உட்கார்ந்து பனியனை முகத்தில் போட்டுக்கொண்டான். ஆவ்தோ யாரையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கேலரியிலிருந்து ஜனங்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். தேயா மட்டும் கம்பிவேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

இரண்டு அணியும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். மிண்டியா யார் முகத்தையும் பார்க்காமல் கையை நீட்டிக்கொண்டே போனான். ஒரு கை மட்டும் அவன் கையை விடவில்லை. நிமிர்ந்தான். கேலா. நெற்றி முழுக்க மண்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அப்ப நடுவர் உங்ககிட்ட கேட்டாரே, எனக்குக் கால் ரெண்டும் செத்துப்போச்சு. அந்தப் பக்கம் எங்க வலது முட்டுக்கும் அப்படித்தான். நீங்க எந்தப் பக்கம் நின்னாலும், இன்னும் ரெண்டு ஸ்க்ரம் தள்ளியிருந்தா நாங்க மொத்தமும் படுத்திருப்போம். நீங்க முடியும்னு மட்டும் சொல்லிடக் கூடாதேன்னு சாமிய வேண்டிக்கிட்டு நின்னேன்."

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மிண்டியாவைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டுப் போனான். மிண்டியா நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசையில் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.